அக்கரைக் குரல்

கொசுவாக நடித்துக்கொண்டிருந்தவரைக்கும் அவனை யாரும் அடிக்க வந்ததில்லை. சுகாதாரத் துறையின் வேனில் ஊர் ஊராகப் போவான். முதுகில் கண்ணாடித்தாள் இறக்கை, மூக்கில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாய். பழைய டயரில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ரீங்காரம் போட்டு, கடைசியில் மூடி போட்ட தொட்டியைப் பார்த்து மயங்கி விழுந்து செத்துப்போவான். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். காய்ச்சல் குறைந்ததோ இல்லையோ, அவனுக்குக் 'கொசு' என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் அவன் சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். கொசு வீடு என்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள்.

அந்தச் சுகாதாரத் துறையின் விளம்பர அதிகாரியைப் பாதுகாப்புத் துறைக்கு மாற்றினார்கள். அவர் போகும்போது கொசுவையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார்.

"அதே வேலைதான் நடிகரே. அப்ப கடிச்சீங்க, இப்ப சுடப் போறீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

வேலை இதுதான். கட்டாய ராணுவச் சேவையை ஓராண்டிலிருந்து மூன்றாண்டாக நீட்டும் மசோதா மழைக்காலம் முடிந்ததும் சபைக்கு வரவிருந்தது. அதற்கு முன்னால் ஊருக்கு ஊர் 'பாதுகாப்பு ஒத்திகை' நடத்த வேண்டும். பள்ளிக்கூட மண்டபத்தில் ஜனங்களை உட்காரவைத்து விளக்கை அணைப்பார்கள். சங்கு ஊதும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டின் சிப்பாய்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். எல்லாரையும் சிறைபிடிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து நம் படை வந்து மீட்கும். விளக்கு எரியும். வாசலில் ஒரு மேசை; மசோதாவை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அக்கரைச் சிப்பாய்களின் தலைவன் கொசு.

முதல் ஒத்திகை மண்ணைக் கவ்வியது. அலுவலகத்தில் எழுதித் தந்த வசனத்தை அவன் மனப்பாடம் பண்ணியிருந்தான். மரத்துப்பாக்கியை நீட்டி, "நீங்கள் அனைவரும் எங்கள் கைதிகள்! எவரும் அசைய வேண்டாம்!" என்று முழங்கினான். இருட்டில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"டேய், நம்ம கொசுடா!"

மண்டபமே கொல்லென்று சிரித்தது. மீட்க வந்த நம் படையும் சிரித்தது.

திரும்பும் வழியில் அதிகாரி வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கொசுவுக்குக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. சும்மா இருக்கும்போது அவனுக்கு அப்படித்தான். ஒரு கால் எங்கேயோ கிளம்பிப் போவதுபோல் ஆடும்.

"சார், பாடப்புத்தகம் மாதிரி பேசினா எவன் சார் பயப்படுவான்?"

"அப்ப எப்படிப் பேசணும்? நீங்களே சொல்லுங்க. ஜனங்க நம்ம மேல கோபப்பட்டாக்கூடப் பரவாயில்ல, சிரிச்சா வேலைக்காகாது. பயம் பால் மாதிரி நடிகரே. இன்னைக்குக் காய்ச்சினா நாளைக்குத் திரிஞ்சிடும். சபை கூடற வரைக்கும் அடுப்புலயே வச்சிருக்கணும்."

கொசு ஒருமுறைகூடத் தோற்ற நடிகனாக வீட்டுக்குப் போனதில்லை. அது அவனை அரித்தது.

அவன் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகும் பொடிசுகளுக்குச் சோறூட்டி, மூக்குத் துடைத்து, மதியத்தில் தூங்கவைப்பது அவள் பொறுப்பு. மறுநாள் அவளைக் கூட்டிவரப் போனவன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளைகள் தூங்குகிற வேளை. சன்னலுக்கு வெளியே நின்றான்.

உள்ளே பாய்கள் வரிசையாக விரிந்து கிடந்தன. அவள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒன்றுமில்லை. சத்தம் போடவுமில்லை.

"எல்லாரும் படுங்க. கண்ணை மூடுங்க. ஒரு சத்தம் வரக்கூடாது."

அவ்வளவுதான். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் மெல்ல மேலே தூக்கி, ஒரு கேள்வியைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுவதுபோல் விட்டாள். படுப்பாயா? மூடுவாயா? வருமா சத்தம்? பொடிசுகள் எல்லாம் அப்படியே சாய்ந்தன.

அவள் அக்கரைக்காரி. இரு கரைக்கும் ஒரே மொழிதான்; அவர்களுக்குச் சொல்லின் வால் மேலே போகும், இவர்களுக்குக் கீழே இறங்கும். படகு தாராளமாக ஓடிக்கொண்டிருந்த நாளில் கல்யாணம் கட்டிவந்தவள். இத்தனை வருஷத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 'கொசு பெண்டாட்டி பாடற மாதிரி பேசுவா' என்பார்கள். அவளுக்கே உரிய குரல் என்று நினைத்தவர்கள்தான் அதிகம்.

சன்னலில் நின்றவனுக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. பத்து வருஷமாகக் கேட்ட குரலை அவன் அன்றைக்குத்தான் நடிகனாகக் கேட்டான். ஒரு வார்த்தையையும் மாற்ற வேண்டாம். வெறுங்கைக்குப் பதில் ஒரு துப்பாக்கி போதும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கேட்டாள்: "என்னங்க, ஒண்ணும் பேசாம வர்றீங்க?"

"ஒண்ணுமில்லை. வசனம் யோசிக்கிறேன்."

"யோசிங்க யோசிங்க. நேத்து ஊரே சிரிச்சதாமே. பக்கத்து வீட்டு மின்சாரக்காரரு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு."

அவனும் சிரித்தான். அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் அவள் வேண்டாம் என்றிருப்பாளோ என்னவோ. அப்போது அவனுக்கு அது ஒரு மேல்துண்டை இரவல் எடுப்பதுபோலத்தான் பட்டது.

அடுத்த ஒத்திகை அவர்களுடைய தெருவுக்கே வந்தது. அந்த நேரம் அவள் காப்பகத்தில் இருந்தாள். சங்கு ஊதியது. கதவு உடைந்தது. கொசு ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்து நடுவில் நின்றான். டார்ச் வெளிச்சத்தை ஒவ்வொரு முகமாக நகர்த்தினான்.

"எல்லாரும் படுங்க." வாலைத் தூக்கினான். "கண்ணை மூடுங்க. ஒரு சத்தம் வரக்கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. பெரிய பெரிய ஆட்கள் தரையில் படுத்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். நம் படை மீட்க வந்தபோதுகூட எழுந்திருக்கச் சிலருக்குத் தயக்கமாக இருந்தது. வாசல் மேசையில் பேனாவுக்குத் தள்ளுமுள்ளு. பக்கத்து வீட்டு மின்சாரக்காரர் இரண்டாவது ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டார். அவருடைய மகன் எல்லைப் படையில் ஓராண்டுச் சேவையில் இருந்தான். மழைக்காலம் முடிந்தால் வீடு திரும்ப வேண்டியவன்.

"அண்ணே, உயிரே போயிடுச்சுண்ணே," என்றார் அவர் கொசுவிடம். கண்ணில் மரியாதை இருந்தது. ஒரு அடி தள்ளியும் நின்றார்.

அதிகாரி கொசுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எங்கேய்யா பிடிச்சீங்க இதை?"

"சும்மா, தோணுச்சு சார்," என்றான் கொசு. மேடையில் நிற்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உள்ளுக்குள் எதுவோ குதித்தது என்பதை அவனால் மறைக்கவும் முடியாது.

அந்த வாரமே ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்தார்கள். வானொலியில் செய்திக்கு முன்னும் பின்னும் வந்தது. முதலில் பூட்ஸ் சத்தம். பிறகு, "எல்லாரும் படுங்க. கண்ணை மூடுங்க. ஒரு சத்தம் வரக்கூடாது." கொஞ்சம் மௌனம். அப்புறம் கனத்த ஆண்குரல் ஒன்று: "அவர்கள் வருவதற்குள் நாம் தயாராவோம். மூன்றாண்டுச் சேவை மசோதா."

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வானொலி அலமாரி மேல் இருந்தது. கொசு எழுந்துபோய் நிறுத்துவதற்குள் முழுவதும் வந்து முடிந்துவிட்டது. அவள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு அப்படியே நின்றாள். கொசு சமையலறை வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தான்.

"அது நீங்கதானே?"

"ம்."

"குரல் உங்களுது. மீதி?"

அவன் தரையைப் பார்த்தான்.

"பாப்பாங்களைத் தூங்கவைக்கிறது அது," என்றாள். "என்கிட்ட கேட்டிருந்தா வேற ஏதாவது தந்திருப்பேன். எங்க அப்பா கடன்காரங்களை விரட்டுவாரு பாருங்க, அதைச் சொல்லிக் குடுத்திருப்பேன். அது நிஜமாவே பயமா இருக்கும்."

அவள் சிரிப்பாள் என்று அவன் எதிர்பார்த்து முகத்தை நிமிர்த்தினான். சிரிக்கவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஊர் ஒரேயடியாக மாறிவிடவில்லை. மளிகைக் கடையில் அவள் பருப்பு கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்ததும், ஓ நீயா என்று சிரிப்பார்கள். சிரிப்பு வர முன்பைவிடக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பேருந்தில் அவள் டிக்கெட் கேட்டதும் முன்சீட்டுப் பிள்ளை தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. போகப்போக அவள் கடையில் விரலால் காட்டி வாங்கினாள்.

காப்பகத்தில்தான் அது வெடித்தது. ஒரு தாய் தன் பிள்ளையைக் கூட்டிப்போகச் சீக்கிரமாக வந்தாள். தூங்குகிற வேளை. சன்னல் வழியாக அந்த மூன்று வாக்கியமும் அவள் காதில் விழுந்தன. உள்ளே வரிசையாகப் பிள்ளைகள் கண்ணை மூடிக் கிடக்கிற காட்சியும் கண்ணில் பட்டது. அவள் போட்ட அலறலில் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து அழுதன. அன்று மாலையே இன்னும் சில தாய்மார் வந்தார்கள். எங்கள் பிள்ளைகளும் வீட்டில் அப்படித்தான் வாலைத் தூக்கித் தூக்கிப் பேசுகின்றன என்றார்கள். ஒருத்தி அழுதாள்: "சாப்பிட வாடான்னா, 'வரேன்மா'ன்னு அவங்க மாதிரியே சொல்றான் மேடம். என் புருஷனுக்குக் கை நடுங்குது."

காப்பகத்துப் பொறுப்பாளர் அவளையும் கொசுவையும் அறையில் உட்காரவைத்தார். கெட்டவர் இல்லை. மேசைமேல் பஞ்சுப் பொம்மைகளைத் தள்ளிவைத்துவிட்டு அதற்கு இடையில் முகத்தைக் காட்டினார்.

"நீ எப்படிப்பட்டவள்னு எனக்குத் தெரியாதாம்மா? இந்தப் பிள்ளைங்க உன்கிட்டதான் ஒட்டும். ஆனா நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்றது? ஒண்ணு செய். கொஞ்ச நாள் வீட்ல இரு. நம்மாளுங்க மாதிரி பேசப் பழகிட்டு வா. உன் இடத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"பேசாமலே பிள்ளைங்களைப் பார்த்துக்கறேன் மேடம்," என்றாள் அவள். அந்த வாக்கியத்தின் வாலும் மேலே போயிற்று. பொறுப்பாளர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேசாம எப்படிம்மா பிள்ளை வளர்க்கிறது?"

கொசு நேரே அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனான். போகிற வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தான். படியேறும்போது பாதி மறந்துபோயிற்று.

"அந்த விளம்பரத்தை நிறுத்துங்க சார். என் வீட்டுக்காரி அக்கரை. அது அவ பேச்சு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். நிஜமாகவே வருத்தப்பட்டதுபோல் இருந்தது.

"சொல்லவே இல்லையே நடிகரே."

"இப்ப சொல்றேன்."

"இப்ப அது என் கையில இல்லை. மேலேருந்து இன்னும் கூட்டிப் போடச் சொல்றாங்க."

கொசுவின் கால் மேசைக்கு அடியில் ஆடியது. "சார், ஒண்ணு கேக்கறேன். அவங்க நிஜமாவே வருவாங்களா?"

"அக்கரையில படை இருக்கா இல்லையா?"

"இருக்கும் சார்."

"இருக்கு. உங்க தாத்தா காலத்துலயும் இருந்துச்சு. நாங்க பொய் ஒண்ணும் சொல்லலை. எப்ப அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கணும்னு ஜனங்களுக்குச் சொல்றோம், அவ்வளவுதான்."

"வரலைன்னா?"

"நாம தயாரா இருந்ததாலதான் வரலை. வந்துட்டா, நாங்கதான் அப்பவே சொன்னோமே." அதிகாரி தேநீரைக் கொசுவின் பக்கம் நகர்த்தினார். "இந்த வேலையில ஒரு வசதி, தோல்வியே கிடையாது. கொசு விஷயத்துல அப்படி இல்லை பாருங்க. காய்ச்சல் வந்தா நம்மளைத்தான் திட்டுவாங்க."

கொசு தேநீரைத் தொடவில்லை.

"வேணும்னா உங்க வீட்டம்மாவுக்கு ஒரு சான்றிதழ் தரச் சொல்றேன்," என்றார் அதிகாரி. "அக்கரையிலேருந்து வந்தவங்க, ஆனா நம்பகமானவங்கன்னு."

அந்த 'ஆனா'வைக் கேட்டதும் கொசு எழுந்துவிட்டான். அப்படியொரு சான்றிதழ் எங்கேயோ ஒரு கோப்பில் போய் உட்காரும். உட்கார்ந்தால் அதுபாட்டுக்கு இருக்கும். ஒருநாள் யாராவது அதைத் தேடி எடுப்பார்கள்.

"வேண்டாம் சார். நான் சொன்னதையே மறந்துடுங்க."

அடுத்த ஒத்திகைக்கு அவன் போகவில்லை. அவன் இல்லாமலே நடந்தது. ஒலிநாடாவைப் போட்டுவிட்டு வேறொருவன் வாயசைத்தானாம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

வீட்டில் அவள் நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு காலையில் கஞ்சிக் கிண்ணத்தை அவன் முன் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சொல்லிக் குடுங்க."

"என்ன?"

"உங்க பேச்சை. என்னுதை நீங்க எடுத்துக்கிட்டீங்கல்ல. உங்களுதை எனக்குக் குடுங்க."

அவன் நல்ல வாத்தியார். அது அவனுக்கே தெரியும். கையைக் காற்றில் நீட்டி, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மெல்லக் கீழே அமுக்கினான். வாலை இறக்கு. இறக்கு. விழுந்த இடத்திலேயே விடு. முதல் நாள் இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "சாப்பிட்டாச்சு" என்பதை அவள் கிணற்றில் கல்லைப் போடுவதுபோல் பொத்தென்று போட்டாள். "என்னங்க இது, சாப்பிட்டவ மாதிரியா இருக்கு? செத்தவ மாதிரி இருக்கு," என்று அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவிலும் வால் மேலே போயிற்று. அவன் கையை அமுக்கினான். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

விலை கேட்பது, வழி கேட்பது, பிள்ளையைக் கண்டிப்பது, பிள்ளையைக் கொஞ்சுவது. ஒவ்வொன்றாக எடுத்துப் பழகினார்கள். கொஞ்சுவதுதான் கடினமாக இருந்தது. வாலை இறக்கிக் கொஞ்சினால் அது உத்தரவாகிவிட்டது. அவள் விடவில்லை. பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, தனக்குத்தானே முணுமுணுத்து இறக்கிக்கொண்டே இருந்தாள். கொசுவால் அதைக் கேட்டுக்கொண்டு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேலையில்லாமலே வெளியே போவான். கடைத்தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்புவான். வாசலுக்கு வரும்போது உள்ளிருந்து யாரோ ஒரு பெண் பேசும் குரல் கேட்கும். விருந்தாளியா என்று எட்டிப் பார்த்தால் அவள்தான்.

மழை விட்டபோது அவள் தேறிவிட்டாள். பொறுப்பாளர் அவளைப் பேசவைத்துக் கேட்டு, கண்கலங்கி, "இப்பதாம்மா நிம்மதி," என்றார். பிள்ளைகள் மட்டும் தூங்க முரண்டு பிடித்தனவாம். அதையும் பழக்கிவிட்டாள்.

கொசுவுக்கு ஒன்றுதான் புரியாமல் போயிற்று. முன்பெல்லாம் அவளுக்குக் கோபமா, கேலியா, அலுப்பா என்பது அந்த வாலில்தான் தெரியும். இப்போது அவள், "வந்துட்டீங்களா," என்றால், அது எந்த 'வந்துட்டீங்களா' என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்ப்பான். முகமும் அடங்கிவிட்டிருந்தது.

மசோதா நிறைவேறியது. எதிர்த்துப் பேசியவர்கள்கூட, இந்தச் சமயத்தில் பிளவுபட்டு நிற்கக் கூடாது என்று சொல்லிக் கையைத் தூக்கினார்கள். மறுநாளிலிருந்து வானொலியில் பூட்ஸ் சத்தம் வரவில்லை. அந்த இடத்தில் பற்பசை விளம்பரம் வந்தது. எல்லையில் பதற்றம் தணிந்ததாகச் செய்தி சொன்னார்கள். யார் தணித்தார்கள் என்று சொல்லவில்லை. அதிகாரியைச் சாலையில் பார்த்தபோது, "இனி அடுத்த பட்ஜெட் வரைக்கும் அவங்க நல்லவங்க நடிகரே," என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

மின்சாரக்காரரின் மகன் திரும்பி வரவில்லை. இன்னும் இரண்டு வருஷம். அவர் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானே கையெழுத்துப் போட்டேன்ணே. என் பையன் நினைப்பே அப்ப வரலை. நீங்க வந்து நின்னீங்க பாருங்க, என் நினைப்பெல்லாம் என் தலை மேலயே இருந்துச்சு."

கொசு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர், "உங்களைச் சொல்லலைண்ணே," என்று வேகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தணிந்த பதற்றத்தோடு அக்கரைக்கான தொலைபேசித் தொடர்பும் திரும்ப வந்தது. அவளுடைய அக்கா அங்கேதான் இருந்தாள். முன்பு ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசுவார்கள். ஒரு கதை முடியாமல் ஒரு கதை. மழைக்காலம் முழுக்க இணைப்பு இல்லை. அந்த ஞாயிறு அவள் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் போனைக் கையில் எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தாள். கொசு எதிரில் நாற்காலி விளிம்பில் இருந்தான்; அந்தப் போனில் பேசுவது எதிரில் இருப்பவருக்கும் கேட்கும். மறுமுனையில் மணி அடித்தது.

"அலோ?" என்றது அக்காவின் குரல். வால் அந்தரத்தில் நின்றது. எத்தனை காலம் ஆயிற்று அதைக் கேட்டு.

"அக்கா, நான்தான்."

மறுமுனையில் பேச்சில்லை.

"நான்தான்க்கா. நல்லா இருக்கியா?"

"யாரு?" குரல் சட்டென்று மரியாதையாகிவிட்டது. "எந்த ஆபீஸ்லேர்ந்து பேசறீங்க?"

"ஆபீஸா? என்னக்கா, நான்தான்னு சொல்றேன்ல."

"என் தங்கச்சி போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? அவ எங்கே? நாங்க ஒண்ணும் பண்ணலைங்க." பின்னாலிருந்து ஓர் ஆணின் குரல், வை வை, உடனே வை என்றது. இணைப்பு அறுந்தது.

அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் உதடு அசைந்தது. சொல்லிப் பார்க்கிறாள் என்று கொசுவுக்குப் புரிந்தது. அக்கா. அக்கா. இரண்டும் கீழேதான் விழுந்தன.

அவன் போனை வாங்கினான். மறுமுனையில் எடுத்ததும் யோசிக்கவில்லை.

"அக்கா, வச்சிடாதீங்க. நான் உங்க தங்கச்சி வீட்டுக்காரன்." ஒவ்வொரு சொல்லையும் மேலே தூக்கினான். ஓர் இடத்திலும் பிசகவில்லை. "கொசு பேசறேன்."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "தம்பியா? ஐயோ தம்பி, குலை நடுங்கிப் போச்சு. யாரு அந்தப் பொம்பளை? உங்க ஊரு போலீஸா?"

"இல்லைக்கா. அது..." அவன் எதிரில் பார்த்தான். அவள் தலையை அசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

"இங்க தெருத்தெருவா படம் போட்டுக் காட்டினாங்க தம்பி. உங்க படைக்காரி ஒருத்தி வந்து கதவைத் தட்டறா. 'திறங்கம்மா, ஒண்ணும் பண்ண மாட்டோம்'னு அப்படியே கல்லு மாதிரி சொல்றா. அச்சு அசல் இதே குரல். அப்படிப் பேசறவங்க கூப்பிட்டா உடனே வச்சிடணும்னு சொல்லியிருக்காங்க. எங்க பெரியவனையும் படைக்குக் கூப்பிட்டாச்சு. நீங்கல்லாம் ஆத்தைத் தாண்டி வரப்போறீங்களாமே?"

"நாங்களா?"

"ஆமா. எல்லாரும் சொல்றாங்க."

அக்கரையிலும் ஒருத்தியோ ஒருவனோ எங்கேயோ ஒரு சன்னலுக்கு வெளியே நின்று யாருடைய பேச்சையோ கேட்டிருக்க வேண்டும். கொசுவுக்கு அந்த முகம் தெரியாத நடிகர்மீது கோபம் வரவில்லை. நன்றாகச் செய்திருப்பார் என்றுதான் தோன்றியது. தோன்றியதும் வாய் கசந்தது.

"அவளைக் குடு தம்பி. அவ குரலைக் கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும். அவளுக்கு ஒண்ணும் ஆகலையே? மறைக்காதே."

கொசு போனைக் கையால் பொத்தினான். மற்றொரு கையைக் காற்றில் நீட்டி, அடியிலிருந்து மெல்ல மேலே தூக்கிக் காட்டினான். "அக்கா. இப்படி. ஞாபகம் வரும், சொல்லிப் பாரு. ஒரே ஒரு தடவை."

அவள் அந்தக் கையையே பார்த்தாள். அது மேலே போவதைப் பார்த்தாள். பிறகு எட்டி அதைப் பிடித்து, கீழே இறக்கி, அவன் தொடைமேல் வைத்துவிட்டாள்.

"வேண்டாம். நாளைக்கு வேலைக்குப் போகணும்."

"ஒரு வார்த்தைதானே."

"ஒரு வார்த்தையை உள்ள விட்டா மத்ததெல்லாம் பின்னாடியே வந்துடும். பிள்ளைங்க முன்னாடி வந்துச்சுன்னா?" அவள் குரலில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. "நீங்களே பேசுங்க. நான் சொல்றேன், நீங்க அவகிட்ட சொல்லுங்க. எனக்கு லேசா காய்ச்சல், தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க."

போனுக்குள் அக்கா, தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் கையை எடுத்தான். "அவளுக்குத் தொண்டை கட்டியிருக்குக்கா. பக்கத்துலதான் இருக்கா. அவ சொல்றதை நான் சொல்றேன்."

"பெரியவனுக்கு எந்த இடத்துல வேலைன்னு கேளுங்க," என்றாள் அவள் தாழ்ந்த குரலில்.

"பெரியவனுக்கு எங்கேக்கா வேலை?" என்றான் அவன். சொல் மேலே ஏறிப்போய் நின்றது. தெருவில் மின்சாரக்காரரின் ஏணி இழுபடும் சத்தம் அந்த நொடியில் நின்றது.

அவள் எழுந்தாள். சன்னலின் இரண்டு கதவுகளையும் சத்தமில்லாமல் சாத்தி, கொக்கியைப் போட்டாள். திரும்பி வந்து, அவனுக்கு இன்னும் நெருக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

"ம், பேசுங்க," என்றாள். "மெதுவா."